விருப்பத்துக்கு முன்னால் வருபவை: பிள்ளைகளின் விளையாட்டை எவை தீர்மானிக்கின்றன?

இன்றைய பிள்ளைகளுக்குக் கிட்டிப்புள்ளும் கோலியும் பம்பரமும் பிடிப்பதில்லை என்பது பெரியவர்கள் கூடும் இடங்களில் அலுக்காமல் சொல்லப்படும் குறை. கைப்பேசி வந்தது, விளையாட்டு போனது என்று அதற்கு ஒரு காரணமும் கூடவே சொல்லப்படும். இந்த விளக்கம் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றி வைக்கிறது என்றே கருதுகிறேன். ஒரு விளையாட்டு ஒரு குழந்தைக்குப் பிடிப்பதற்கு முன்னால், அது அந்தக் குழந்தைக்கு இயலக்கூடியதாக இருந்தாக வேண்டும். காலடியில் அதற்கேற்ற தரையும், கையெட்டும் தூரத்தில் அதற்கேற்ற பொருளும், கூப்பிட்டால் வந்துவிடக்கூடிய ஆட்களும், பெரியவர்கள் கணக்குக் கேட்காத நேரமும் கூடி வந்த பிறகுதான் பிடிக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கே இடமுண்டு. தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் விளையாட்டுகள் மூன்று நான்கு தலைமுறைகளில் மாறிய விதத்தைக் கவனித்தால், அவர்களுடைய ரசனையைவிட இந்த நான்குமே பெரிதாக மாறியிருப்பது தெரிகிறது. கைப்பேசி இவற்றுக்கெல்லாம் கடைசியாக வந்து, ஏற்கெனவே காலியாகியிருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

முதலில் தரையை எடுத்துக்கொள்வோம். கிட்டிப்புள் ஆடுவதற்கு மண்ணில் நீளவாக்கில் ஒரு சிறு பள்ளம் கீற வேண்டும்; அதன் குறுக்கே புள்ளை வைத்துக் கிட்டிக்கோலால் நெம்பி எறிய வேண்டும். கோலிக்குக் குழி வேண்டும். பம்பரத்துக்கு வட்டம் கீறவும் ஆணி பதிந்து சுழலவும் இறுகிய மண் வேண்டும். தோற்றவனின் பம்பரத்தை அந்த வட்டத்துக்குள் வைத்து ஆக்கர் குத்துவதுதான் அந்த ஆட்டத்தின் உச்சமே. 1951-இல் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் ஏறத்தாழ 24 விழுக்காட்டினரே நகரங்களில் வாழ்ந்தார்கள். 2011 கணக்கெடுப்பில் அது 48.4 விழுக்காடாகிவிட்டது. நகரத்தின் தெரு தாரும் கான்கிரீட்டும் ஆனது போலவே பல கிராமங்களின் உட்தெருக்களும் சிமெண்ட் சாலைகளாகிவிட்டன. மழைக்காலச் சேற்றிலிருந்து தப்பித்த மக்கள் அதற்காக வருந்தவில்லை, வருந்த வேண்டியதும் இல்லை. ஆனால் பள்ளம் கீற முடியாத தரையில் கிட்டிப்புள் ஆட முடியாது என்பது மட்டும் எஞ்சுகிறது. ஒப்பிட்டுப் பார்த்தால் பாண்டி ஆட்டம் இன்னும் கண்ணில் படுவதற்குக் காரணம், அதன் கட்டங்களைச் சுண்ணக்கட்டியாலோ கரித்துண்டாலோ சிமெண்டிலும் வரைந்துகொள்ளலாம் என்பதுதான். பாண்டியைக் காப்பாற்ற யாரும் தனியாக முயலவில்லை. தரை மாறியபோது அதனால் மாறிக்கொள்ள முடிந்தது, அவ்வளவே.

பொருளும் இப்படித்தான். பனை மிகுந்த ஊர்களில் கோடை முழுக்க நுங்கு வண்டி ஓடும். நுங்கைத் தின்ற பிறகு மிஞ்சும் குடுக்கைகள் இரண்டை ஒரு குச்சியின் இரு முனைகளிலும் செருகி, கவைக்கோலால் தள்ளிக்கொண்டு ஓடுவதற்குக் காசு வேண்டியதில்லை, நுங்கு வெட்டுபவரின் தயவு போதும். புளி உடைக்கும் வீடுகளில் புளியங்கொட்டை கிடைத்தது. ஒரு பக்கத்தைத் தேய்த்து வெள்ளையாக்கினால் தாயத்துக்குக் காயாயிற்று, அப்படியே வைத்தால் பல்லாங்குழிக்கு ஆயிற்று. கீழடி அகழாய்வில் சுடுமண் ஆட்டக்காய்களும் வட்டச்சில்லுகளும் பகடைக்காய்களும் கிடைத்திருக்கின்றன. உடைந்த பானையின் ஓட்டை உரசி வட்டமாக்கிக்கொள்ளும் வழக்கத்துக்கு அவ்வளவு வயது ஆகிறது. கழிவாகப் போகவேண்டியது காயாக மாறுவதுதான் பழைய விளையாட்டுப் பொருள்களில் பெரும்பாலானவற்றின் கதை. வீட்டில் பானை உடைவது நின்று, புளி பாக்கெட்டில் வரத் தொடங்கியபோது, அந்த விளையாட்டுகளின் பொருள்வரத்தும் சத்தமில்லாமல் நின்றது.

பருவத்தையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். காற்று இல்லாமல் பட்டம் இல்லை. யாழ்ப்பாணத்தின் வல்வெட்டித்துறையில் தைப்பொங்கல் நாளில் பெரிய பட்டத் திருவிழா நடப்பது பொங்கலோடு பட்டத்துக்கு ஏதோ சமயத் தொடர்பு இருப்பதால் அன்று. வடகிழக்குப் பருவக்காற்று அந்தக் கரையில் உறுதியாக வீசும் காலம் அது. அங்கே பட்டத்தின் தலையில் விண் கட்டி, அது காற்றில் கூவும்படி ஏற்றுவார்கள். சென்னையிலோ பட்டம் என்றால் நெடுங்காலம் கண்ணாடித்தூள் கலந்த மாஞ்சா பூசிய நூலும் அறுக்கும் போட்டியுமாகவே இருந்தது. கழுத்தறுபட்ட இருசக்கர வாகன ஓட்டிகளின் செய்திகள் தொடர்ந்து வந்த பிறகு காவல்துறைத் தடைகளும், 2017-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் நாடு தழுவிய தடையும் வந்தன. ஒரே விளையாட்டு, ஒரே மொழி பேசும் பிள்ளைகள். காற்றும் நெரிசலும் சட்டமும் வேறுபட்டதால் ஓரிடத்தில் அது திருவிழாவாக வளர்ந்தது, இன்னோர் இடத்தில் குற்றமாயிற்று.

கிரிக்கெட் மற்ற எல்லாவற்றையும் விழுங்கியதற்கு 1983 உலகக் கோப்பையையும் தொலைக்காட்சியையும் காரணமாகச் சொல்வது வழக்கம். அது உண்மைதான் என்றாலும் பாதி உண்மை. பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்த்த கிரிக்கெட்டைத் தெருவில் ஆடவில்லை. தெருவுக்கு ஏற்றபடி வேறொரு கிரிக்கெட்டைச் செய்துகொண்டார்கள். ஒருமுறை தரையில் பட்ட பந்தை ஒரு கையால் பிடித்தாலும் அவுட், மாடிக்கு அடித்தால் அவுட், கண்ணாடி உள்ள வீட்டுச் சுவரில் பட்டால் அவுட், பின்பக்கம் ஓட்டம் இல்லை, ஆள் ஒற்றைப்படையாக வந்தால் ஒருவன் இரு பக்கத்துக்கும் ஜோக்கர். இந்த விதிகள் ஒவ்வொன்றும் அந்தத் தெருவின் அகலத்திலிருந்தும், அங்கே குடியிருக்கும் கோபக்காரரின் பால்கனியிலிருந்தும் பிறந்தவை. ஆறடிச் சந்திலும் ஆடலாம், அறுவடை முடிந்த வயலிலும் ஆடலாம், இரண்டு பேராலும் ஆகும், இருபது பேராலும் ஆகும். பள்ளம் கீற வேண்டாத கிட்டிப்புள்ளாக அது வந்து சேர்ந்தது என்றுகூடச் சொல்லலாம்: கையில் கோல், பறந்து வரும் பொருளை அடித்தல், எதிரணி பிடித்தால் வெளியேறுதல் என்று உடல் அறிந்திருந்த எல்லாமே அதில் இருந்தன.

சூழல் எவ்வளவு நுணுக்கமாக வேலை செய்கிறது என்பதற்குச் சென்னையைவிட நல்ல சான்று எனக்குத் தோன்றவில்லை. ஒரே நகரத்துக்குள் சில கிலோமீட்டர் தூரத்தில் பிள்ளைகளின் முதல் விளையாட்டு மாறிவிடுகிறது. வியாசர்பாடியில் அது கால்பந்து. வடசென்னையின் பல தெருக்களில் கேரம். தென்சென்னை, மேற்குச் சென்னை நடுத்தர வர்க்கக் குடும்பங்களில் சதுரங்கம். கேரமுக்கு ஒரு பலகையும் ஒரு விளக்கும் நால்வர் நிற்கும் இடமும் போதும். ஒண்டுக் குடித்தனங்களும் குறுகிய வீடுகளும் நிறைந்த பகுதியில் ஒரு சிறிய மன்றத்தின் முன்னறையே ஊரின் மைதானமாகிவிடும். அங்கே எட்டு வயதுப் பையன் தன் தெரு அண்ணன்களின் முழங்கைகளுக்கு இடையே தலையை நுழைத்துப் பார்த்தே ஆட்டம் கற்கிறான். சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் உலக வாகையராகி 1996-இல் அர்ஜுனா விருது பெற்றார். 2024-இல் வடசென்னையின் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள் காசிமா அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கங்களை வென்றார். அந்தப் பகுதிக் குழந்தைக்கு கேரம் பிடித்திருப்பது தற்செயல் அல்ல. அங்கே அது பொழுதுபோக்காக மட்டும் இல்லாமல், மேலே ஏறும் வழியாகவும் கண்ணுக்குத் தெரிகிறது.

சதுரங்கத்துக்கு வேறு வரலாறு. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவேல் ஆரோன் 1961-இல் அந்தப் பட்டத்தைப் பெற்றார். சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் 1972-இல் முன்னாள் உலக வாகையர் மிகைல் தால் பெயரில் ஒரு சதுரங்க மன்றம் தொடங்கியது. ஆனந்த் சிறுவனாக ஆடிய இடங்களில் அது ஒன்று. 1988-இல் அவர் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அதன் பிறகு பயிற்சி மையங்கள் பெருகின, பள்ளிகள் போட்டிக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு வருகைப்பதிவில் சலுகை கொடுத்தன, பெற்றோர் அதைப் படிப்புக்கு எதிரியாக எண்ணாமல் படிப்பின் தம்பியாக எண்ணினார்கள். இந்த மூன்றாவது காரணத்தைப் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். தொலைக்காட்சியில் கார்ட்டூன் பார்க்கும் நேரத்தைக் குறைப்பதற்காகப் பெற்றோர் வைஷாலியைச் சதுரங்க வகுப்பில் சேர்த்தார்கள். அக்காளைப் பார்த்துப் பிரக்ஞானந்தா ஆடத் தொடங்கினார். இருவரும் கிராண்ட்மாஸ்டர்கள் ஆனார்கள். முதலில் பெற்றோரின் கவலை, பிறகு அக்காளின் எதிரே காலியாக இருந்த இருக்கை, அதன் பிறகே விருப்பமும் திறமையும். இந்தியாவின் கிராண்ட்மாஸ்டர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தமிழ்நாட்டவர் என்பதற்குத் தமிழ் மூளையின் தனிச்சிறப்பைக் காரணம் காட்டுவோர் இந்த வரிசையைக் கவனிப்பதில்லை.

அடுத்தது நேரம். இங்கே நேரத்தின் அளவைவிட அதன் வடிவமே முக்கியம். மாடு மேய்க்கும் சிறுவனுக்கு நாள் முழுக்க நேரம் உண்டு. ஆனால் கண்ணில் ஒரு பாதி மாட்டின் மேல் இருக்க வேண்டும். அதனால் அவனுடைய விளையாட்டுகள் கையில் ஏற்கெனவே இருக்கும் கோலைச் சுற்றியும், இருந்த இடத்தில் பாறையில் கீறிக்கொள்ளும் கோடுகளைச் சுற்றியும் அமைந்தன. ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் இருபத்துமூன்று புள்ளிகளில் நகர்கின்றன. நடுவில் எழுந்து போய் மாட்டை மறித்துவிட்டு வந்தாலும் காய்கள் அங்கேயே இருக்கும். பெண்பிள்ளைகளின் நேரம் இதைவிடத் துண்டுபட்டது. தண்ணீர் எடுக்க, உலை பார்க்க, அழும் தம்பியைத் தூக்க என்று எந்த நிமிடமும் அழைப்பு வரும். சொட்டாங்கல், பாண்டி, பல்லாங்குழி, தாயம் ஆகிய எல்லாவற்றுக்கும் பொதுவான குணம், அவற்றை எந்தக் கட்டத்திலும் நிறுத்திவிட்டு மீண்டும் தொடரலாம் என்பதுதான். வாசலைத் தாண்டாமல், சில சமயம் இடுப்பில் குழந்தையோடேகூட ஆடலாம். கபடியிலிருந்தோ கிட்டிப்புள்ளிலிருந்தோ ஒருவர் நடுவில் போனால் அணியே கலைந்துவிடும். பெண்பிள்ளைகள் இயல்பாகவே அமைதியான ஆட்டங்களை விரும்புகிறார்கள் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இந்த இடையீட்டுக்கு ஆளாகும் வாழ்க்கையின் விளைவு என்பது என் துணிபு.

இதற்கு மாற்றுக் கருத்தும் உண்டு, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. கருவிலேயே ஆண்மை ஊக்கிகளுக்கு மிகுதியாக ஆட்படும் ஒரு பிறவிக் குறைபாடு கொண்ட பெண்குழந்தைகள், அந்தக் குறைபாடு இல்லாத தங்கள் உறவுப் பெண்குழந்தைகளைவிட வண்டி போன்ற பொம்மைகளோடு அதிகம் விளையாடுவதை உளவியலாளர்கள் பெரன்பாம், ஹைன்ஸ் ஆகிய இருவரும் 1992-இல் பதிவு செய்தார்கள். பத்தாண்டுகள் கழித்து வெர்வெட் குரங்குகளிடமும் பந்து, வண்டி, பொம்மை ஆகியவற்றைக் கொடுத்துப் பார்த்தபோது ஆண் பெண் வேறுபாடு தெரிந்தது. முட்டிமோதும் விளையாட்டில் சிறுவர்களுக்குள்ள கூடுதல் நாட்டம் பல சமூகங்களில் காணப்படுவதே. எனவே உடலியல் ஒரு சாய்வைத் தருகிறது என்று ஒப்புக்கொள்வதில் தயக்கம் வேண்டாம். ஆனால் அந்தச் சாய்வு எவ்வளவு தூரம் உருட்டிச் செல்லும் என்பதை ஊர்தான் தீர்மானிக்கிறது. அமெரிக்கச் சிறார்களின் விருப்ப விளையாட்டுகளை 1898-இல் எடுத்த பட்டியலோடு 1959-இல் எடுத்த பட்டியலை சட்டன்-ஸ்மித்தும் ரோசன்பெர்க்கும் ஒப்பிட்டபோது, இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் சிறுமியரின் விருப்பங்கள் சிறுவரின் விருப்பங்களை நோக்கிக் கணிசமாக நகர்ந்திருந்தன. சிறுவரின் வட்டமோ சுருங்கியிருந்தது. அறுபது ஆண்டுகளில் மனித உடல் மாறுவதில்லை.

தமிழ் இலக்கியம் இந்தப் பிரிவினையை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. பிள்ளைத்தமிழில் முதல் ஏழு பருவங்கள் ஆண்குழந்தைக்கும் பெண்குழந்தைக்கும் பொது. கடைசி மூன்றில் பாதை பிரிகிறது: ஆணுக்குச் சிறுபறை, சிற்றில், சிறுதேர், பெண்ணுக்கு அம்மானை, நீராடல், ஊசல். இதில் சிற்றில் பருவம் கவனிக்கத்தக்கது. மணல்வீடு கட்டுபவர்கள் சிறுமியர். அதைச் சிதைக்க வரும் சிறுவனிடம் சிதைக்காதே என்று அவர்கள் வேண்டுவதே அந்தப் பருவத்தின் பாடுபொருள். கலித்தொகையின் 51-ஆம் பாடலிலும் காலால் மணல்வீட்டைக் கலைத்து, பந்தைப் பறித்துக்கொண்டு ஓடிய ஒருவனைப் பற்றிப் பெண்ணொருத்தி தோழியிடம் நினைவுகூர்கிறாள். கட்டுவது ஒரு பாலின் விளையாட்டு, கலைப்பது இன்னொரு பாலின் விளையாட்டு என்று அது அழகாகப் பாடப்பட்டுவிட்டது. நற்றிணையின் 68-ஆம் பாடலில் வேறொரு குரல் கேட்கிறது: ஆயத்தோடு, அதாவது தோழியர் கூட்டத்தோடு, ஓரை என்னும் விளையாட்டை ஆடவிடாமல் இளம்பெண்களை வீட்டுக்குள் அடைத்து வைப்பது அறமும் அன்று, அதனால் செல்வமும் தேயும் என்கிறது அந்தப் பாட்டு. பருவமெய்திய பெண்ணின் விளையாட்டு ஒரே நாளில் வீட்டுக்குள் சுருங்குவதைப் பற்றி இவ்வளவு பழைய கண்டனம் நம்மிடம் இருக்கிறது என்பது ஒரு பக்கம். அதற்குப் பிறகும் அது சுருங்கிக்கொண்டே இருந்தது என்பது இன்னொரு பக்கம்.

ஆட்களைப் பற்றிப் பேசுவதற்கு முன் வயதைச் சுருக்கமாகத் தொட்டுவிடலாம். குழந்தைகள் முதலில் தனியாகவும், பிறகு அருகருகே ஆனால் சேராமலும், அதன்பின் கூடியும் விளையாடுகிறார்கள் என்பதை 1932-இல் மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் வரிசைப்படுத்தினார். விதிகளோடு கூடிய ஆட்டத்தில் குழந்தை ஏறத்தாழ ஏழு வயதுக்குப் பிறகே நிலைகொள்கிறது என்று உளவியலாளர் பியாஜே சொன்னார். அதற்காக அவர் சுவிட்சர்லாந்துச் சிறுவர்களிடம் கோலி ஆட்டத்தின் விதிகளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். இவை பொதுவாகச் சரி. ஆனால் ஒத்த வயதுக் குழந்தைகளை மட்டும் ஓரிடத்தில் சேர்த்துப் பார்ப்பவர்களுக்கு இந்தப் படிநிலை இருப்பதைவிட இறுக்கமாகத் தெரியும். நம் தெருக்களில் ஒப்புக்குச் சப்பாணி என்றொரு பதவி இருந்தது. அக்காளின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு வந்த நான்கு வயதுக்காரனை விரட்டவும் முடியாது, சேர்க்கவும் முடியாது. எனவே அவன் ஓடலாம், ஒளியலாம், பிடிபட்டாலும் கணக்கில்லை. விதி புரியாத வயதிலேயே விதியுள்ள ஆட்டத்துக்குள் இருந்து, ஓராண்டில் யாரும் கற்பிக்காமலே அவன் முழு ஆட்டக்காரனாகிவிடுவான். பழைய விளையாட்டுகள் தலைமுறை தாண்டி வந்தது பெரும்பாலும் இந்த வழியில்தான். பன்னிரண்டு வயது எட்டு வயதுக்கும், எட்டு வயது நான்கு வயதுக்கும் கொடுத்தது. பிரிட்டனில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சிறார்களிடமிருந்து தெரு விளையாட்டுகளைத் திரட்டிய ஓப்பி தம்பதியரும், அவை பெரியவர்கள் வழியாக அல்லாமல் பிள்ளைகளுக்குள்ளேயே கைமாறுவதை வலியுறுத்தினார்கள்.

அந்தச் சங்கிலி அறுவதற்குக் கைப்பேசிக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குப் பிறக்கும் சராசரிக் குழந்தைகளின் எண்ணிக்கை 1992-93 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பிலேயே 2.5 ஆகக் குறைந்திருந்தது. 2019-21 கணக்கெடுப்பில் அது 1.8. இந்தக் குறைவு பெண்களின் உடல்நலத்துக்கும் கல்விக்கும் செய்த நன்மை பெரிது. அதே வேளையில், ஒரு தெருவில் நான்கு முதல் பதினான்கு வயது வரை இடைவெளியின்றி இருபது பிள்ளைகள் இருந்த நிலைமை இதனால் இல்லாமல் போயிற்று. பூப்பறிக்க வருகிறோம் ஆடுவதற்கு இரு வரிசை வேண்டும். ஒரு வரிசைக்கே ஆள் இல்லாத தெருவில் அதைச் சொல்லிக் கொடுத்து என்ன செய்வது? எஞ்சிய பிள்ளைகளும் வெவ்வேறு பள்ளிகளுக்கு வெவ்வேறு வேன்களில் போகிறார்கள். பள்ளியில் அவர்களுக்குக் கிடைக்கும் துணை முழுவதும் ஒரே வகுப்பு, ஒரே வயது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்று அட்டவணையில் எழுதி வைத்திருக்கிறது. ஆனால் உடற்கல்விப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்ளும் வழக்கத்தை எந்த அட்டவணையும் தொடவில்லை.

யார் யாரோடு ஆடலாம் என்பதில் சாதி செய்யும் வேலையைச் சொல்லாமல் தமிழ்நாட்டு விளையாட்டைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. ஊர்த்தெருவும் காலனியும் பிரிந்திருக்கும் கிராமங்களில் பிள்ளைகளின் கூட்டமும் அந்தக் கோட்டிலேயே பிரிகிறது. பொதுக் கிணற்றில் குதித்து நீந்துவது ஒரு பகுதிச் சிறுவர்களுக்குக் கோடையின் தலைசிறந்த விளையாட்டாக இருந்தபோது, இன்னொரு பகுதிச் சிறுவர்களுக்கு அது அடிவாங்கும் குற்றமாக இருந்தது. கிரிக்கெட் மைதானத்தில் தொடங்கும் வாய்த்தகராறு சாதிக் கலவரமாக முற்றும் செய்திகள் இன்றும் வருகின்றன. பழைய விளையாட்டுகளின் பொற்காலம் பற்றிய பேச்சில் இந்தப் பகுதி மட்டும் எப்போதும் விடுபட்டுப் போவதை வியப்பென்று சொல்ல முடியாது. நகரத்தின் பெயர் தெரியாத பூங்காவும், அரசுப் பள்ளியின் திடலும், ஓரளவுக்கு இணைய விளையாட்டின் புனைபெயரும்கூட, அந்தக் கோட்டைத் தாண்டி ஆட சில பிள்ளைகளுக்கு முதன்முதலாக வாய்ப்புக் கொடுத்தன.

பெரியவர்களின் வாழ்க்கையைப் பார்த்துச் செய்வது எக்காலத்துக்கும் உள்ளது. சொப்புச் சாமானும் கூட்டாஞ்சோறும் டீச்சர் விளையாட்டும் கயிற்றைச் சுற்றிப் பேருந்து விடுவதும் கோயில் திருவிழா முடிந்த மறுநாள் குட்டிச் சப்பரம் இழுப்பதும் அந்த வகை. இதில் விளக்கம் தேவைப்படுவது அதிகமில்லை. வளர்ப்புமுறைக்கும் ஆட்ட வகைக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ராபர்ட்ஸும் சட்டன்-ஸ்மித்தும் 1962-இல் முன்வைத்த கருத்து சற்றுச் சுவையானது: கீழ்ப்படிதலை மிகவும் வலியுறுத்தும் சமூகங்களில் உத்தி ஆட்டங்களும், தனித்திறமையை வலியுறுத்தும் சமூகங்களில் உடல்திறன் ஆட்டங்களும் மிகுகின்றன, நேரில் காட்ட முடியாத முரண்பாட்டைக் குழந்தை பலகையில் ஆடித் தீர்த்துக்கொள்கிறது. எல்லா ஊருக்கும் இதைப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் வாய்திறக்க அனுமதியில்லாத வீட்டில் வளர்ந்த சிறுவன், பதினைந்து ஆடுகளைக் கொண்டு மூன்று புலிகளை அசையவிடாமல் அடைத்துவிட்டு எழும்போது அவன் முகத்தில் தெரியும் நிறைவுக்கு இந்த விளக்கம் பொருந்தத்தான் செய்கிறது.

இனி கைப்பேசி. இங்கிலாந்தில் 1971-இல் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் 80 விழுக்காட்டினர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குச் சென்றனர். 1990-இல் அது 9 விழுக்காடாகச் சரிந்ததை மேயர் ஹில்மன் என்ற ஆய்வாளரின் குழுவினர் கண்டறிந்தார்கள். கைப்பேசி எந்தக் குழந்தையின் கையிலும் இல்லாத காலத்திலேயே தெரு அவர்களிடமிருந்து பறிபோயிருந்தது. பறித்தவை வாகனங்களும் பெற்றோரின் அச்சமும். நம் நகரங்களில் அதே மாற்றம் சற்றுப் பின்னால் நடந்தது. தெருவின் இருபுறமும் கார்கள் நின்றன, மாலை நேரம் டியூஷனுக்குப் போயிற்று, அந்நியரைப் பற்றிய அச்சம் வந்தது, வெறும் மனைகளில் வீடுகள் எழுந்தன. இருக்கும் திடல்களும் விலைபேசப்பட்டன: சென்னை மாநகராட்சி தன் செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியார் வழி நடத்திக் கட்டணம் வாங்க 2024-இல் தீர்மானம் போட்டு, எதிர்ப்பு எழுந்ததும் அதைக் கைவிட்டது. இந்த நிலையில் 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டு, வகுப்பே கைப்பேசியில் நடந்தபோது, முன்பு தயங்கிய பெற்றோரும் அதை வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அந்தத் திரையில் பிள்ளைகள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது கவனிக்க வேண்டியது. பெரும்பாலான சிறுவர்கள் நாடியது நண்பர்கள் நால்வர் அணி சேர்ந்து, பேசிக்கொண்டே, ஒளிந்தும் தேடியும் சுட்டும் ஆடும் ஆட்டங்களை. திருடன் போலீஸ் ஆட்டத்தின் எலும்புக்கூடு அதில் அப்படியே இருக்கிறது. தெருவில் கூட முடியாத நண்பர்கள் அங்கே கூடினார்கள். ஓர் ஆட்டம் அரை மணிக்குள் முடிந்து, டியூஷனுக்கும் சாப்பாட்டுக்கும் இடைப்பட்ட துண்டு நேரத்துக்குள் அடங்கியது. வாசல் தாண்ட வேண்டியதும் இல்லை. 2020 செப்டம்பரில் பப்ஜியும் 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபையரும் இந்தியாவில் தடை செய்யப்பட்டபோது பிள்ளைகள் கிட்டிப்புள்ளுக்குத் திரும்பவில்லை; அதே வகையிலான அடுத்த ஆட்டத்துக்குப் போனார்கள். ஆனால் இந்த ஆட்டங்களைத் தெருவோடு முழுவதும் சமப்படுத்தவும் கூடாது. தெருவில் இருட்டினால் ஆட்டம் முடியும், சண்டை வந்தால் காய் விட்டு, இரண்டு நாளில் பழம் விட வேண்டும், விதி பிடிக்காவிட்டால் கூடிப் பேசி மாற்றலாம். திரையில் விதியை எழுதியவர் எங்கோ இருக்கிறார்; ஆட்டம் முடியாமல் இருப்பதில்தான் அவருக்கு வருமானம். குழந்தையின் கையிலிருந்து போன உரிமைகளில் பெரியது விதியைத் திருத்தும் உரிமை என்று நினைக்கிறேன்.

பள்ளிகளிலும் பொங்கல் விழாக்களிலும் இப்போது மரபு விளையாட்டு நாள் கொண்டாடுகிறார்கள். கடையில் வாங்கிய கிட்டியும் மெருகேற்றிய பல்லாங்குழிப் பலகையும் வரும், ஆசிரியர் விதியைப் படித்துக் காட்டுவார், பிள்ளைகளும் மகிழ்ச்சியாகவே ஆடுவார்கள், மறுநாள் அது தொடராது. பொருளும் விதியும் மட்டும் வந்து, ஆட்களும் நேரமும் தரையும் வராததுதான் காரணம். மாறாக, யாரும் விழா எடுக்காமலே நடப்பதைப் பார்க்க வேண்டுமானால் நூறு வீடுகளுக்கு மேல் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாகன நிறுத்துமிடத்துக்கு மாலை ஆறு மணிக்குப் போகலாம். வாயிலில் காவலர் இருப்பதால் பெற்றோருக்குப் பயமில்லை. வண்டிகள் மெதுவாகவே வருகின்றன. ஐந்து வயது முதல் பதின்மூன்று வயது வரை இருபது பிள்ளைகளாவது தேறுகிறார்கள். அங்கே கண்ணாமூச்சி தூண்களுக்கு நடுவே நடக்கிறது. லாக் அண்ட் கீ, கலர் கலர் வாட் கலர் நடக்கின்றன. லிஃப்டில் ஏறி ஒளிந்தால் செல்லாது என்று புதிதாக ஒரு விதியும் உண்டு. தம்பியைக் கூட்டிவந்த சிறுமி அவனைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், ஆனால் ஓடவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறாள்.